எலும்பு ஒடிவது விதியல்ல!

"வயதாகி விட்டது. வாசலில் வழுக்கி விழுந்தாள். இடுப்பு போய்விட்டது. எல்லாம் தலையெழுத்து!"

ஆலைத் தொழிலாளர் குடியிருப்புகளிலும் விவசாயத் தொழிலாளர் தெருக்களிலும் இந்தப் பேச்சு சர்வசாதாரணம். உண்மை என்ன?

எலும்பு உயிருள்ள பொருள். அன்றாடம் கரைகிறது, அன்றாடம் புதிதாக வளர்கிறது. நடுவயதுக்குப் பின் வளர்வதைவிடக் கரைவது அதிகமாகிறது. மாதவிலக்கு நின்ற பெண்களுக்குச் சில ஆண்டுகள் இது இன்னும் வேகமாக நடக்கிறது. வெளியே முழுசாகத் தெரியும் எலும்பு, உள்ளே செல்லரித்த உத்தரம்போல் ஆகிவிடுகிறது. எலும்புப்புரை என்பது இதுதான். அந்த நிலையில் குடத்தைத் தூக்கினாலே முதுகெலும்பு நசுங்கலாம். "கிழவிக்குக் கூன் விழுந்துவிட்டது" என்கிறோமே, பல சமயம் அது இப்படி நசுங்கிய எலும்புதான்.

மில் முதலாளி வீட்டு அம்மாளுக்கும் எலும்பு தேயத்தான் செய்யும். ஆனால் அவருக்கு ஸ்கேன் உண்டு, மருந்து உண்டு, விழுந்த மறுநாளே ஆபரேஷன் உண்டு. நாற்று நட்டே முதுகு வளைந்தவளுக்கு என்ன உண்டு? வாரக் கணக்கில் கயிற்றுக் கட்டில்தான்!

இடுப்பு முறிந்தால் இரண்டு நாளுக்குள் ஆபரேஷன் செய்து, சீக்கிரமே எழுந்து நடக்க வைக்க வேண்டும் என்பது வைத்தியர்கள் ஒப்புக்கொண்ட முறை. படுக்கையிலேயே கிடந்தால் படுக்கைப்புண், நிமோனியா, இரத்தக்கட்டு வருகின்றன. இடுப்பு முறிந்த முதியோரில் ஐந்தில் ஒருவராவது ஓராண்டுக்குள் இறக்கிறார் என்பது பல நாடுகளின் அனுபவம். நாட்டுக் கட்டு இங்கே உதவாது. முறிந்த இடம் மூட்டின் ஆழத்தில் இருக்கிறது. வெளியே போடும் கட்டு அதைப் பிடித்து நிறுத்தாது. விழுந்தவரின் கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தால் நேரே பெரிய அரசு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்லுங்கள்.

முறிவைத் தடுக்கவும் வழி உண்டு. அலென்ட்ரோனேட் என்ற மாத்திரைக்கு 1995இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. வாரம் ஒன்று போதும். காப்புரிமை முடிந்து, இந்தியக் கம்பெனிகள் பலவும் இன்று அதைத் தயாரிக்கின்றன. ஆயினும் ஒடிந்த எலும்பைப் பொருத்தி வீட்டுக்கு அனுப்புகிறார்களே தவிர, அடுத்த எலும்பு ஒடியாமலிருக்க மருந்து தருவது அபூர்வம். கேழ்வரகும் வெயிலும் நடையும் எலும்புக்கு நல்லவை. நூறு கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. ஆனால் கிழிந்த வயிற்றுக்கு அரிசிக் கஞ்சியே கிடைக்காத வீட்டில் உபதேசம் மட்டும் எலும்பை வளர்க்குமா? பஞ்சாலையில் ஆயுளைத் தேய்த்தவருக்கு மத்திய சர்க்கார் 2014இல் நிர்ணயித்த குறைந்தபட்சப் பென்ஷன் மாதம் 1,000 ரூபாய்!

எனவே நாம் கோருவது இதுதான்: ஆரம்ப சுகாதார நிலையத்தில் இந்த மாத்திரை இலவசமாகக் கிடைக்க வேண்டும். மாவட்ட ஆஸ்பத்திரிதோறும் எலும்பு அடர்த்தி பார்க்கும் கருவி வேண்டும். இடுப்பு முறிந்தவருக்கு இரண்டு நாளுக்குள் ஆபரேஷன் நடக்க வேண்டும். வாழத் தகுந்த பென்ஷன் வேண்டும்.

சங்கக் கிளைகள் இதை மகஜராக்கி எடுத்துச் செல்லட்டும். உழைத்து ஓய்ந்த எலும்பு கருணை கேட்கவில்லை. தன் பாக்கியைக் கேட்கிறது!