வாயுவைக் கொஞ்சம் விடுங்கப்பா

தலைப்பைத் தப்பாப் படிச்சவங்க சிரிச்சு முடிச்சிட்டு வாங்க. விஷயம் கொஞ்சம் சீரியஸ்.

மாசமா இருக்கற பொண்ணு "மேல் வயிறு வலிக்குது"ன்னு சொன்னா, நம்ம வீடுகள்ல எல்லாரும் கோரஸா சொல்ற பதில், வாயு. மாமியார் ஓமத் தண்ணி கொதிக்க வைப்பாங்க. அம்மா போன்லயே பெருங்காய மோர் குடிக்கச் சொல்வாங்க. வீட்டுக்காரர் ஜெலுசில் வாங்கிட்டு வருவார். அப்புறம் எல்லாரும் தூங்கிடுவாங்க, அவளைத் தவிர.

(டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டதைத்தான் எழுதறேன்.)

பல நேரம் வீட்ல சொல்றது சரியாவும் இருக்கும். கர்ப்ப காலத்துல சுரக்கற புரொஜெஸ்டிரான், இரைப்பையோட மேல்வாசலைத் தளர்த்திடும். வளர்ற கர்ப்பப்பை கீழேருந்து நெட்டும். அப்புறம் நெஞ்செரிச்சல் வராம என்ன செய்யும்? அதே ஹார்மோன் பித்தப்பையையும் மந்தமாக்கும், கல் சேரலாம். பிரியாணி சாப்பிட்ட ராத்திரி வலது பக்கம் பிடிச்சு தோள்பட்டை வரைக்கும் இழுத்தா அதைச் சந்தேகப்படணும். கடைசி மாசங்கள்ல குழந்தையே விலாவுல உதைக்கறதும் உண்டு.

என் சண்டை இதோட இல்லை. 20 வாரத்துக்கு அப்புறம் வலது விலாவுக்குக் கீழேயோ நடு மேல்வயித்துலயோ விடாம வலிச்சா, அது கல்லீரல் போடற கூச்சலா இருக்கலாம். பிரீஎக்லாம்ப்சியா. பிரஷர் 140/90ஐத் தாண்டும், யூரின்ல புரோட்டீன் போகும். முத்தினா கல்லீரல் வீங்கி அதோட மேலுறை இழுபடும்; வலி அங்கேருந்துதான். இதோட கடுமையான வடிவத்துக்கு 1982ல அமெரிக்க டாக்டர் லூயிஸ் வெய்ன்ஸ்டைன் வெச்ச பேர் ஹெல்ப் சிண்ட்ரோம். சிவப்பணு உடையறது, கல்லீரல் என்சைம் ஏறறது, பிளேட்லெட் இறங்கறது, இந்த மூணோட இங்கிலீஷ் முதலெழுத்துகளைக் கோத்த பேர். காதுல விழும்போது உதவி கேட்டுக் கத்தற மாதிரியே இருக்கு.

கொடுமை என்னன்னா, இதுவும் குமட்டல், வாந்தி, மேல்வயித்து வலின்னு அப்படியே கேஸ் டிரபிள் வேஷத்துல வரும். போன வாரம் பிரஷர் நார்மல்ங்கறது இன்னிக்கு ராத்திரிக்கு சாட்சி ஆகாது. சிலருக்கு பிரஷர் பெருசா ஏறாமலே ஹெல்ப் வரும், ரத்தப் பரிசோதனைதான் காட்டிக் கொடுக்கும். பிரசவம் முடிஞ்ச முதல் ரெண்டு மூணு நாள்லயும் வரலாம். பத்தியச் சாப்பாடு ஒத்துக்கலைன்னு அதையும் தள்ளிடுவோம்.

கூட வேலை பார்த்தவரோட மனைவிக்கு எட்டாம் மாசம். ராத்திரி 11 மணிக்கு ஒரு ஆஸ்பத்திரியில பிரஷர்கூடப் பாக்காம அசிடிட்டி ஊசி போட்டு அனுப்பிட்டாங்க. விடிகாலையில கண் மங்கலாத் தெரியுதுன்னு அந்தப் பொண்ணு சொல்ல, வேற ஆஸ்பத்திரிக்கு ஓடினாங்க. அங்கே பிரஷர் 170/110. வலிப்பு வராம இருக்க மெக்னீசியம் சல்பேட் ஏத்தி, அன்னிக்கே ஆபரேஷன். குழந்தை 1.6 கிலோ. ரெண்டு பேரும் பிழைச்சாங்க. ஆனா நடுவுல போன அந்த ஆறு மணி நேரத்தை நினைச்சா எனக்கு இன்னும் ஆத்திரம் வருது. கைப்பட்டையைச் சுத்திப் பார்க்க ரெண்டு நிமிஷம் ஆகுமா?

"நாங்கள்லாம் பெத்துக்கலையா, பொறுத்துக்கோ"ன்னு சொல்ற பெருசுங்க மேல கூட எனக்கு அவ்வளவு கோபம் இல்லை. அவங்க காலத்துல பொறுத்துக்கிட்டு, திரும்பி வராதவங்க கதையை யாரும் சொல்லலை, அவ்ளோதான். படிச்ச நாமளும் அதையே சொல்றதுதான் தாங்கல. பிரஷர், யூரின், ரத்தம் மூணும் பாத்துட்டு டாக்டர் அசிடிட்டின்னு சொன்னா ரொம்ப சந்தோஷம், வீட்டுக்கு வந்து ஓமத் தண்ணி குடிச்சுக்கலாம்.

வலியோட விடாத தலைவலி, கண் மங்கல், முகத்துலயோ கையிலயோ திடீர் வீக்கம், மூச்சு வாங்கறது, இதுல ஒண்ணு சேர்ந்தாலும் விடியட்டும்னு உக்காராதீங்க. வண்டி இல்லைன்னா 108. போற ஆஸ்பத்திரியில முதல்ல கேளுங்க: "பிரஷர் எவ்ளோ இருக்கு?"