பேனா யார் கையில் இருக்கணும்?



பிளஸ் டூவில் கணினி அறிவியல் எடுக்கணும்னு நம்மில் சிலருக்கு ஆசை. அந்தப் புத்தகத்தில் முதல் பாடமே செயற்கூறு, அதாவது ஃபங்ஷன். எங்கள் தெரு அக்கா ஒருத்தர் அதைப் படிக்கிறார். 4, 7, 2 என்ற பட்டியலைக் கூட்டணும், ஆனா லூப் போடக் கூடாது என்று ஒரு பயிற்சி. காலேஜ் படிக்கும் ஒரு அண்ணனிடம் கேட்டார். அவர் நோட்டை வாங்கி, "இது ரொம்ப ஈஸிம்மா" என்று மூணே வரியில் எழுதிக் கொடுத்துட்டார். அடுத்த பயிற்சி, பட்டியலில் பெரிய எண் எது? அக்காவுக்கு ஒரு வரிகூட வரலை. "நான் இந்த குரூப்பே எடுத்திருக்கக் கூடாது" என்று அழுதுட்டார்.

இதுக்குப் பேர் உதவியா? இல்லை என்பதே என் கருத்து. ஈஸி என்று சொல்வது அதைவிட மோசம். தெரியாதவங்களுக்கு எது ஈஸி?

உதவுகிறவர் கேள்விதான் கேட்கணும். பட்டியலில் ஒண்ணுமே இல்லைன்னா கூட்டுத்தொகை என்ன? பூஜ்யம். இதை யாரும் சொல்லிடுவாங்க. சரி, 7, 2 இரண்டையும் வேறு யாரோ கூட்டி 9 என்று சொல்லிட்டாங்கன்னு வச்சுக்கோ. மிச்சம் இருக்கிற 4-ஐ நீ என்ன பண்ணுவே? சேர்ப்பேன், 13. அவ்வளவுதான் கணக்கு! அப்புறம் 4 + (7 + (2 + 0)) என்று அவங்க கையாலேயே எழுதிப் பார்க்க விடணும். தன்னையே மறுபடி கூப்பிடும் இந்த முறைக்குத் தற்சுழற்சி என்று பெயர். 1958-ல் ஜான் மெக்கார்த்தி தொடங்கிய லிஸ்ப் மொழியிலேயே இது உண்டு.

பைத்தானில் லூப் பழகியவங்களுக்கு இன்னொரு குழப்பமும் வரும். அங்கே எக்ஸ் = எக்ஸ் + 1 என்று எழுதலாம். ஹாஸ்கெல் மாதிரி மொழிகளில் அப்படி எழுதி மதிப்பை மாற்ற முடியாது. நம்ம கணக்கு டீச்சர் மட்டும் ஒத்துக்குவாங்களா என்ன? கணக்கில் எக்ஸ் 5 என்றால் கடைசி வரி வரை 5 தான். இதைச் சொன்னதும் அக்கா சிரிச்சுட்டார்.

பேனா கற்றுக்கொள்கிறவர் கையில்தான் இருக்கணும். நேரம் ஆகும்தான், ஆகட்டுமே.

அந்தப் பெரிய எண் கணக்கை நீங்களும் போட்டுப் பாருங்கள். காலிப் பட்டியலில் பெரிய எண் எது? அதுக்கு விடையே கிடையாது. அப்போ எங்கே நிறுத்துவீங்க?

– ஒன்பதாம் வகுப்பு மாணவி