மௌனத்துக்கும் ஓர் உரிமை உண்டு

மூளையில் எழும் மின்னலைகளை அளந்து, மனத்தில் என்ன வேலை நடக்கிறது என்று கணினி வகைபிரிக்கிறது. கைகால் முடங்கி நாவும் எழாத நோயாளர் சிலர் இந்த வழியாக எழுத்துகளைத் தெரிவுசெய்கிறார்கள். இதைப் பாராட்டி வெளிவரும் செய்திகளுக்குக் குறைவில்லை. பாராட்டு நியாயமானதே. ஆயினும் மட்டக்களப்பு மண்ணைச் சேர்ந்தவர்கள் இச்செய்தியை வாசிக்கும்போது வேறொரு கேள்வியும் எழ வேண்டும். பேச விரும்பியும் பேச முடியாதவருக்கு வாய் கொடுக்கும் கருவி, பேச முடிந்தும் பேச விரும்பாதவர் முன் கொண்டுவந்து வைக்கப்பட்டால் என்ன ஆகும்?

முதலில் கருவியின் தன்மையைப் புரிந்துகொள்வோம். மனித மூளையின் மின்னலையை 1924இல் முதன்முதலாகப் பதிவுசெய்தவர் ஜேர்மன் மருத்துவர் ஹான்ஸ் பேர்கர். அதை அவர் 1929இல் வெளியிட்டார். மூளையையும் கணினியையும் நேரே இணைக்கும் முயற்சிக்கு 1973இல் பெயர் சூட்டியவர் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ஜாக் விடால். 1990இல் கெர்ன், ஔனோன் என்னும் இருவர் ஐந்து மனவேலைகளை வைத்துச் சோதித்தனர். சும்மா இருத்தல், மனக்கணக்காகப் பெருக்குதல், மனத்துக்குள் கடிதம் எழுதுதல், ஓர் உருவத்தை மனத்தில் சுழற்றிப் பார்த்தல், கரும்பலகையில் எண்கள் ஒவ்வொன்றாக எழுதப்படுவதாகக் கற்பனை செய்தல் ஆகியவையே அவை. இவற்றுள் எது நடக்கிறது என்பதை அலைகளின் வேறுபாட்டைக்கொண்டு பிரித்தறிய முடியும் என்று அவர்கள் காட்டினர். பின்வந்த பல ஆய்வுகளுக்கு அந்தப் பதிவுகளே உரைகல்லாயின.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒருவர் பெருக்குகிறார் என்று கணினி சொல்லலாம். எந்த எண்ணை எந்த எண்ணால் பெருக்குகிறார் என்று அது சொல்லாது. கடிதம் எழுதுகிறார் என்று சொல்லலாம். யாருக்கு, என்ன எழுதுகிறார் என்று சொல்லாது. ஆய்வாளர் முன்கூட்டியே வகுத்த ஐந்து பெட்டிகளுள் ஒன்றில் போடுவதே அதன் வேலை. கண்ணை மூடிக்கொண்டு போட்டாலும் ஐந்தில் ஒன்று சரியாக அமையும். அதற்கு மேல் எவ்வளவு தேறுகிறது என்பதே கருவியின் திறமை. அதற்கும் சோதனைக்கு உட்படுபவர் மனமுவந்து ஒத்துழைக்க வேண்டும்.

எங்கள் வாவியில் பாடும் மீனைக் கேட்கும் முறையை வாசகர்கள் அறிந்திருக்கலாம். பௌர்ணமி இரவில் கல்லடிப் பாலத்தருகே தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை நீரில் அமிழ்த்தி, மறுமுனையைக் காதோடு சேர்த்துக் கேட்பார்கள். ஒலி கேட்பது உண்மை. ஆனால் பாடுவது மீனா, சிப்பியா, வேறெதுவுமா என்ற விவாதம் ஓய்ந்தபாடில்லை. தலையின் தோலில் ஒட்டப்படும் மின்வாயும் அந்தத் துடுப்பைப் போன்றதே. அதற்கு எட்டுவது ஒரு வோல்ட்டின் பத்து இலட்சத்தில் சில பங்கு மின்சாரம்தான். ஒருமுறை கண் சிமிட்டினால் எழும் மின்சாரம் அதைவிடப் பெரிது.

இந்த மெல்லிய ஒலியைக்கொண்டே அரிய காரியங்கள் நடந்துள்ளன. 1988இல் அமெரிக்காவின் பார்வெல், டொன்சின் ஆகிய இருவர் எழுத்துப்பலகை ஒன்றை அமைத்தனர். ஆறு வரிசை, ஆறு நிரல், 36 கட்டங்கள். வரிசைகளும் நிரல்களும் மாறிமாறி ஒளிரும். தாம் எதிர்பார்த்திருக்கும் எழுத்து ஒளிர்ந்ததும், ஏறத்தாழ 300 மில்லிசெக்கனில் மூளையில் ஓர் அலை எழும். கணினி அதைக் கண்டு எழுத்தைக் குறிக்கும். தமிழுக்கும் இது பொருந்தும். 247 எழுத்துகள் என்று மலைக்க வேண்டியதில்லை. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1 ஆக 31. எஞ்சும் 5 கட்டங்களில் இடைவெளி, அழித்தல் முதலியவற்றை வைக்கலாம். மெய்யையும் உயிரையும் அடுத்தடுத்துத் தெரிந்தால் உயிர்மெய் பிறந்துவிடும். பாரிசவாதத்தால் பேச்சிழந்து கிடக்கும் ஒரு தாய் தண்ணீர் வேண்டும் என்பதைத் தன் மொழியிலேயே சொல்லக்கூடும். எங்கள் பல்கலைக்கழகங்களின் இளைஞர்கள் முனைந்து செய்ய வேண்டிய பணி இது.

ஆனால் அதே அலைக்கு இன்னொரு முகமும் உண்டு. எழுத்துப்பலகையை ஆக்கிய பார்வெலே பின்னர் அதே அலையைக் குற்ற விசாரணைக்குக் கொண்டுசென்றார். குற்றவாளி மட்டுமே அறியக்கூடிய பொருளைக் காட்டினால் மூளை தன்னையறியாமல் அடையாளம் காட்டிவிடும் என்பது வாதம். இந்தியாவில் உளவியலாளர் சி.ஆர். முகுந்தன் வேறொரு மின்னலைச் சோதனையை உருவாக்கினார். சந்தேகநபர் வாய் திறக்க வேண்டியதில்லை. வாக்கியங்கள் வாசிக்கப்படும், அவர் அச்செயலை அனுபவித்தவரா என்று கணினி வகைபிரிக்கும். 2008 ஜூனில் புனே நீதிமன்றம் ஒரு கொலை வழக்கில் இச்சோதனையின் முடிவையும் சான்றாக ஏற்று ஆயுள்தண்டனை விதித்தது. அதே ஆண்டில் பெங்களூர் நிம்ஹான்ஸ் பணிப்பாளர் தலைமையிலான குழு, இத்தகைய சோதனைகள் அறிவியல் அடிப்படையற்றவை என்று கூறியது. 2010 மே 5இல், செல்வி எதிர் கர்நாடக அரசு என்ற வழக்கில், ஒருவரின் சம்மதமின்றி இச்சோதனைகளை நடத்துவது அரசியலமைப்புக்கு முரண் என்று இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மௌனமாயிருக்கும் உரிமை நாவுக்கு மட்டுமன்று, மூளைக்கும் உரியது என்பதே அதன் சாரம்.

இது எங்கோ நடந்த வழக்கு என்று நாம் இருந்துவிட முடியாது. சுற்றிவளைப்புகளின் காலத்தில் 'தலையாட்டி' என்றொரு சொல் எங்கள் பேச்சில் புகுந்தது. முகத்தை மூடிய ஒருவன் முன்னால் மக்கள் வரிசையாக நடத்தப்படுவார்கள். அவன் தலை அசைந்தால் அசைந்ததுதான். ஏன் அசைந்தது என்று யாரும் கேட்க முடியாது. 1990 செப்டெம்பர் 5இல் வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சமடைந்திருந்தவர்கள் அவ்வாறுதான் வரிசையில் விடப்பட்டனர். கொண்டுசெல்லப்பட்ட 158 பேர் திரும்பவில்லை.

1993இல் மட்டக்களப்புச் சுற்றிவளைப்பில் பிடிபட்டவரின் வழக்கு, சிங்கராசா வழக்கு என்று உலகச் சட்டத்துறை அறிந்தது. அவர் அறியாத சிங்களத்தில் எழுதப்பட்ட வாக்குமூலம். அதன் அடியில் பெருவிரல் அடையாளம். பொலிஸ் உயரதிகாரியிடம் அளித்த வாக்குமூலத்தைச் சான்றாக ஏற்க 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச்சட்டம் இடம் தந்தது. அது வற்புறுத்திப் பெறப்பட்டது என்று நிறுவும் சுமையையும் அவர் தலையிலேயே ஏற்றியது. 1995இல் 50 ஆண்டுச் சிறை. மேன்முறையீட்டில் அது 35 ஆண்டாயிற்று. 2004இல் ஐ.நா. மனித உரிமைக் குழு நீதியான விசாரணைக்கான அவரது உரிமை மீறப்பட்டதாகக் கூறியது. 2006இல் இலங்கை உயர் நீதிமன்றம் அதைச் செயற்படுத்த மறுத்தது.

இத்தகைய விசாரணை அறைக்குள் மின்னலைக் கருவி நுழைந்தால், அது முகமூடியும் தேவைப்படாத தலையாட்டியாகிவிடும். வாக்குமூலத்தில் குறுக்குவிசாரணை செய்யவேனும் ஓர் அதிகாரி இருந்தார். கணினியின் தலையசைப்பை யார் குறுக்குவிசாரணை செய்வது? கேள்வியை வகுப்பவரும் பெட்டிகளை வகுப்பவரும் விசாரிப்பவரே. 'விஞ்ஞானம் சொல்கிறது' என்ற முத்திரை மட்டும் மேலதிகமாக விழும்.

உயிர்களைக் காக்க இது உதவாதா என்று கேட்பார்கள். தவறான பெட்டியில் விழுந்த ஒருவரைச் சிறையிலிட்டால், உண்மையான குற்றவாளி வெளியே திரிவான். அதனால் எந்த உயிர் காக்கப்படும்? சம்மதத்துடன் செய்யலாமே என்பார்கள். தடுப்புக்காவலில் இருப்பவரின் சம்மதம் எத்தகையது என்பதற்கு அந்தப் பெருவிரல் அடையாளமே விடை. சம்மதம் இருந்தால் செய்யலாம் என்று இந்திய நீதிமன்றம் விட்டுவைத்த வாயிலையும் நாம் அடைத்துவிட வேண்டும்.

2021இல் சிலி நாடு மூளையின் செயற்பாட்டையும் அதிலிருந்து பெறப்படும் தகவலையும் காக்கும் வகையில் தன் அரசியலமைப்பைத் திருத்தியது. நாமும் கருவி வந்தபின் அழுவதைவிட, வருமுன் சட்டம் கேட்பதே அறிவுடைமை. மருத்துவமனைக் கட்டிலருகே இக்கருவிக்கு வரவேற்பு. தடுப்புக்காவல் அறையில் முற்றான தடை. இந்த இரண்டு வரிகளைப் பயங்கரவாதம் பற்றிய எந்தச் சட்டமூலத்திலும் சேர்க்குமாறு எங்கள் மக்கள் பிரதிநிதிகள் கேட்க வேண்டும். சட்டத்தரணிகளும் மருத்துவர்களும் சேர்ந்து அவர்களைக் கேட்க வைக்க வேண்டும்.