போரின் தலையில் மட்டும் போடாதீர்கள்

பிள்ளைகளின் மனச்சோர்வு பற்றிப் பேச்செடுத்தால் ஒக்லாந்தில் எங்களவர்களிடம் ஆயத்தமாக ஒரு பதில் இருக்கிறது: போர். ஷெல்லும் இடப்பெயர்வும் கண்ட சனம், வேறெப்படி இருக்கும்? உண்மைதான், ஆனால் பாதி உண்மை.

இலங்கையின் வடகிழக்கில் 296 தமிழ்ப் பள்ளிச் சிறுவர்களிடம் விசாரித்த ஓர் ஆய்வு 2008இல் வெளிவந்தது. போரும் சுனாமியும் தின்ற மண். அங்கேயும், அவையிரண்டுக்கும் பக்கத்திலேயே, வீட்டுக்குள் விழுந்த அடியும் பிள்ளைகளின் மனக்காயத்தோடு தொடர்புபட்டு நின்றது. தகப்பன் குடிக்கும் வீடுகளில், போரை அதிகம் கண்ட பிள்ளைகளிடத்தில், அந்த அடி கூடுதலாக இருந்தது. போர் படலையோடு நிற்கவில்லை.

"நாங்களும் அகப்பைக்காம்பால் வாங்கித்தான் வளர்ந்தோம், என்ன குறைந்துபோனோம்?" என்பார்கள். இயங்குகிற சேர்வர்களை மட்டும் எண்ணி, பழுதொன்றுமில்லை என்று நான் அறிக்கை கொடுத்தால் என் வேலை போய்விடும். குளிசையில்லாமல் நித்திரை வராத சித்தப்பாவை யார் எண்ணினீர்கள்?

ஒரு தட்டுத் தட்டியதால் பிள்ளை நோயாளியாகும் என்று நான் சொல்லவில்லை. வதைபட்ட எல்லோரும் விழுவதுமில்லை. நான் பேசுவது ஆண்டுக்கணக்கான பயத்தைப் பற்றி. அப்படி வாழும் பிள்ளையின் உடம்பில் கோர்டிசோல் ஒழுங்கு குலைகிறது. அதை அடக்க உதவும் ஹிப்போகாம்பஸே அதனால் அடிபடும் பகுதியும்கூட. சிறுவயதில் வதைபட்டவர்களிடம் அது சிறுத்திருப்பதை மூளைப்படங்கள் காட்டியிருக்கின்றன. 1972-73இல் இங்கே டுனெடினில் பிறந்த 1037 பேரைப் பின்தொடரும் ஆய்வு, வதைபட்டவர்களின் இரத்தத்தில் 32 வயதிலும் அழற்சியின் அடையாளங்கள் கூடியிருப்பதைக் கண்டது. திரும்பத் திரும்ப வருகிற, விட்டுப்போகாத மனச்சோர்வு இப்படியானவர்களுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு என்கிறது 2012இல் வந்த ஒரு தொகுப்பாய்வு. மருந்தும் ஆலோசனையும் அவர்களிடம் குறைவாகவே வேலை செய்கின்றனவாம். இந்தக் கடைசி வரிதான் என்னை உலுக்கியது.

2007இல் இந்நாடு குற்றச் சட்டத்தின் 59ஆம் பிரிவை மாற்றி, 'திருத்தத்தான் அடித்தேன்' என்று பெற்றோர் தப்பிக்கும் வழியை அடைத்தது. நாங்கள் அதில் படித்த பாடம், யன்னலைச் சாத்திவிட்டு அடிப்பது.

போன வருடம் ஒரு பெற்றோர் கூட்டத்தில் இதைப் பேச அரைமணி நேரம் கேட்டேன். கலைவிழா ஒத்திகை இருக்கிறது என்றார்கள். இந்த வருடமும் கேட்பேன்.