லட்சுமிகாந்தன் கொலை வழக்கும் நம்முடைய ஒப்பாரியும்

லட்சுமிகாந்தன் கொலை வழக்கைப் பற்றி இன்னொரு நினைவுக் கட்டுரை வந்திருக்கிறது. எழுதியவர் பெயர் இங்கே வேண்டாம். இதே கட்டுரையைப் பலர் எழுதியாகிவிட்டது. இன்னும் பலர் எழுதுவார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே அச்சு. முதலில் ‘ஹரிதாஸ்’, பிராட்வே தியேட்டர், மூன்று தீபாவளி. பிறகு விதி. பிறகு சிறைவாசம். பிறகு ஓடாத ‘ராஜமுக்தி’. கடைசியில் 1959 நவம்பர் 1, ஏழிசை மன்னர் மறைவு, கண்ணீர். நடுவில் எங்கோ கால் பத்தியில் ஒருவன் கத்திக் குத்துப்பட்டுச் செத்துப் போகிறான், பாகவதரின் சோகக் கதை நகர்வதற்கு ஒரு தள்ளு தேவைப்பட்டது, அதற்காகவே செத்தவன் மாதிரி.

ஒரு கொலை வழக்கை ஒரு சமூகம் எண்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டு வருகிறது, அதில் கொலையானவரின் வீட்டைப் பற்றி ஒரு வரி கிடையாது. என்னுடைய புகார் இதுதான். சினிமா ரசனை பற்றிய புகார் இல்லை இது.

தெரிந்த விஷயங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். சி.என். லட்சுமிகாந்தன் 1943இல் ‘சினிமா தூது’ ஆரம்பித்தார். நடிகர் நடிகைகளின் அந்தரங்கம் வாராவாரம். எழுதாமல் இருக்கக் காசு வாங்கினார் என்பது பரவலான குற்றச்சாட்டு. யுத்த காலம், பத்திரிகை நடத்த அரசாங்க அனுமதி வேண்டும். எம்.கே. தியாகராஜ பாகவதர், என்.எஸ். கிருஷ்ணன், பட்சிராஜா ஸ்டுடியோ ஸ்ரீராமுலு நாயுடு மூவரும் கவர்னர் ஆர்தர் ஹோப்பிடம் மனுக் கொடுத்தார்கள். அனுமதி ரத்தாயிற்று. லட்சுமிகாந்தன் போலிக் காகிதங்களை வைத்துக் கொஞ்ச நாள் ஓட்டிப் பார்த்தார். பிறகு ‘இந்து நேசன்’ என்று வேறு பத்திரிகை, அதே சரக்கு. 1944 நவம்பர் 8ஆம் தேதி வேப்பேரியில் ரிக்‌ஷாவில் போகும்போது குத்தினார்கள். மறுநாள் ஜெனரல் ஆஸ்பத்திரியில் இறந்தார். டிசம்பரில் கைதுகள். 1945 மே மாதம், ஜூரிகளை வைத்து விசாரித்த நீதிபதி மாக்கெட் தீவாந்தர சிட்சை விதித்தார், பாகவதருக்கும் கிருஷ்ணனுக்கும் மற்றும் சிலருக்கும். நாயுடு விடுதலை. உயர்நீதிமன்றத்தில் அப்பீல் தள்ளுபடி. லண்டன் பிரிவி கவுன்சில் அப்பீலை மறுபடி விசாரிக்கச் சொல்லித் திருப்பி அனுப்பியது. 1947 ஏப்ரலில் பாகவதரும் கிருஷ்ணனும் நிரபராதிகளாக வெளியே வந்தார்கள்.

அந்த விடுதலையை நான் சந்தேகிக்கவில்லை. கோர்ட் சொன்னது சொன்னதுதான். ஆனால் விடுதலைத் தீர்ப்புக்கு ஒரே ஒரு அர்த்தம்தான் உண்டு: இவர்கள் செய்யவில்லை. கொலையே நடக்கவில்லை என்பது அதன் அர்த்தமல்ல. நம் கட்டுரையாளர்களுக்கோ ஏப்ரல் 1947 வந்ததும் கொலையும் சேர்ந்து காணாமற் போய்விடுகிறது. மிச்சமிருப்பது இரண்டரை வருஷம் அநியாயமாகச் சிறையிலிருந்த இரண்டு கலைஞர்கள் மட்டும். நியாயமாக அன்றைக்குத்தான் கேள்வி புதிதாகப் பிறந்திருக்க வேண்டும்: அப்படியானால் யார்?

மேலே ‘செத்தவன்’ என்று எழுதியிருக்கிறேன். திரும்பிப் படிக்கும்போதுதான் கண்ணில் பட்டது. அழிக்கவில்லை, இருக்கட்டும். இந்த வழக்கைப் பற்றித் தமிழில் எழுதுகிற யாருக்கும் பாகவதர் ‘அவர்’, கிருஷ்ணன் ‘அவர்’, லட்சுமிகாந்தன் ‘அவன்’. வினைமுற்றிலேயே தீர்ப்பு எழுதியாகிவிடுகிறது. பிறகு ஜூரி எதற்கு? அடுத்த பாராவுக்குப் போனதும் நான் ‘ஆரம்பித்தார்’ என்று எழுதப் பிரயத்தனப்பட வேண்டியிருந்தது. அவ்வளவு பழகிப்போயிருக்கிறது.

என் பெரியப்பா ‘ஹரிதாஸ்’ படத்தைப் பதினோரு தரம் பார்த்தவர். வழக்கின் ஒவ்வொரு தேதியும் அவருக்கு மனப்பாடம். ஒருநாள் கேட்டேன்: “பெரியப்பா, லட்சுமிகாந்தனுக்குக் குடும்பம் இருந்ததா?” அவருக்குக் கேள்வியே புரியவில்லை. “எந்தக் குடும்பம்?” என்றார். பிறகு, “அவன் கிடக்கிறான் விடுடா” என்று வெற்றிலைச் செல்லத்தை இழுத்துக்கொண்டார். நல்ல மனிதர். தெருவில் யார் வீட்டில் சாவு என்றாலும் முதலில் போய் நிற்கிறவர்.

குடும்பம் என்ற பேச்சே இந்த நினைவுக் கட்டுரைகளில் இல்லை என்று சொல்ல முடியாது. டி.ஏ. மதுரம் வருகிறார். கணவர் சிறையில் இருந்தபோது எஸ்.வி. சகஸ்ரநாமம் துணை நிற்க நாடகத் தொழிலைச் சாகவிடாமல் காப்பாற்றிய பெண். ‘பைத்தியக்காரன்’ (1947) அப்படி வந்த படம்; வெளியே வந்த கிருஷ்ணனுக்கும் அதில் ஒரு இடம் பண்ணினார்கள். ஒரு பெண் ஒரு கம்பெனியை நிர்வகித்து, கூலி கொடுத்து, வக்கீல்களுக்கும் பணம் தேடிய சமாசாரம் இது. இதை நம்மவர்கள் எப்படி எழுதுகிறார்கள்? உத்தம பத்தினி, நவீன சாவித்திரி. அவருடைய உழைப்பைக் கற்பாக மொழிபெயர்த்தால்தான் இவர்களுக்கு ஜீரணமாகிறது.

பாகவதர் வீட்டில் விழுந்த இடியையும் நான் மறுக்கவில்லை. அவருக்கென்று இருந்த ‘உதயணன்’ ஜி.என். பாலசுப்பிரமணியத்துக்குப் போயிற்று, ‘ஸ்ரீமுருகன்’ ஹொன்னப்ப பாகவதருக்கு. அவர் சிறையில் இருக்கிறார், பிராட்வேயில் காசு கொடுத்து அவர் பாட்டைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். வெளியே வந்தபோது அதே ஜனங்களுக்கு அவர் வேண்டியிருக்கவில்லை. விதி என்கிறார்கள். கொட்டகைக்குப் போகாதது யார், விதியா?

அந்த ‘மற்றும் சிலர்’? கூண்டில் நட்சத்திரங்கள் மட்டும் நிற்கவில்லை. நான் படித்த கட்டுரைகளில் எதுவும் அவர்கள் பெயரருகே அரை நிமிஷம் நிற்கவில்லை. அவர்களுடைய பெண்டாட்டி பிள்ளைகள் அந்த வருஷங்களில் எதைத் தின்றார்கள் என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. ஒரே குற்றச்சாட்டு, ஒரே கூண்டு. ஆனால் சோகத்துக்கும் டைட்டில் கார்டு உண்டு போலும். முதல் இரண்டு பெயர் பெரிய எழுத்தில்.

இன்னொரு கூட்டத்தையும் சேர்க்க வேண்டும். லட்சுமிகாந்தன் யாரைப் பற்றி எழுதினாரோ அந்தப் பெண்கள். அன்றைக்கு நடிக்க வந்த பெண்களில் பலர் தேவதாசிக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். அவர்களைப் பற்றி என்ன எழுதினாலும் ஊர் நம்பத் தயார். அங்கே வாராவாரம் வழக்கு நடந்தது, எதிர்வாதம் இல்லாமல், அப்பீல் இல்லாமல். காசு கொடுத்து வாங்கிப் படித்தவர்கள் யார்? நம் பெரியப்பாக்கள். பத்திரிகைக்காரரை ‘மஞ்சள்’ என்று துப்புகிறோம், அந்த மஞ்சளை மடியில் கட்டிக்கொண்டு போன வாசகனைப் பற்றி மூச்சு விடுவதில்லை.

செத்தவரையே விசாரித்துத் தண்டிப்பது இந்த ஒரு வழக்கோடு போகவில்லை. 1952இல் ஆளவந்தார் கொலை. தலை வேறு உடல் வேறாக, உடல் டிரங்குப் பெட்டியில் ரயிலேறி மானாமதுரையில் கண்டெடுக்கப்பட்டது. தலை ராயபுரம் கடற்கரையில். விசாரித்த பஞ்சாபகேச ஐயர் தாமே ஒரு எழுத்தாளர். கணவனுக்கு ஏழு வருஷம், மனைவிக்கு மூன்று வருஷம். கொல்லப்பட்டவர் ஸ்திரீலோலர் என்பது ஊருக்குப் போதுமான சமாதானமாக இருந்தது, இன்றும் இருக்கிறது. கோர்ட்டு வாசலில் கூட்டம் அலைமோதியது அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க. ஆளவந்தாருக்கும் ஒரு மனைவி உண்டு. அவர் முகத்தைப் பார்க்க யாரும் முண்டியடித்ததாகத் தெரியவில்லை.

சட்டமும் இதற்குத் துணை. கொலை வழக்கில் கொலையானவரின் வீட்டார் கட்சிக்காரர்களே இல்லை. அன்று சக்கரவர்த்தியின் பெயரில், இன்று அரசின் பெயரில் வழக்கு நடக்கிறது. வீட்டார் வெறும் சாட்சிகள். கூப்பிட்டால் கூண்டேறி, கேட்டதற்குப் பதில் சொல்லி, இறங்க வேண்டும். எதிரி விடுதலையானால் அதை எதிர்த்துத் தாங்களே அப்பீல் செய்யும் உரிமை அவர்களுக்கு 2009 கடைசியில்தான் கிடைத்தது, குற்றவியல் நடைமுறைச் சட்டத் திருத்தம் வழியாக. எந்த ஜில்லா செஷன்ஸ் கோர்ட்டுக்கும் போய்ப் பாருங்கள். ஒரே வராண்டாவில் இரண்டு வீட்டாரும் உட்கார்ந்திருப்பார்கள், நடுவே ஒரு தூண் இருக்கும். ஒரே குழாயில் தண்ணீர் பிடிப்பார்கள். வாய்தா என்றால் இருவரும் ஒரே பஸ்ஸுக்கு ஓடுவார்கள். எதிரியின் தாய்க்கு வக்கீலாவது இருக்கிறார், வந்து ஏதோ விளக்குகிறார். செத்தவனின் தாய் டவாலியிடம் கேட்டுக்கொண்டிருப்பாள், இன்றைக்கு நம்முடையது உண்டா என்று. நான் பார்த்திருக்கிறேன். அவள் டவாலியை ‘ஐயா’ என்றாள்.

இலக்கியக்காரர்கள் கேலி செய்கிற கொலைச் சிந்து இந்த விஷயத்தில் நம்மைவிட யோக்கியம். சந்தையிலும் ரயிலிலும் காலணா அரையணாவுக்கு விற்ற குஜிலிப் புத்தகம், எழுத்துப்பிழை மலிந்தது, ரத்தத்தைக் காட்டிக் காசு பறிப்பது. எல்லாம் சரி. ஆனால் அதில் செத்தவன் வீட்டில் ஒப்பாரி ஒன்று கேட்கும். தாயோ தங்கையோ தலைவிரித்து அழுவாள், தூக்குமேடை வருவதற்கு முன்னால். அந்தப் பாட்டுக்காரனுக்குத் தெரிந்திருந்தது, சாவு என்றால் முதலில் ஒரு வீடு என்று. நாமோ வசனநடை கற்று, நினைவோடை எழுதக் கற்று, அந்த வீட்டை இடித்துவிட்டு அங்கே பிராட்வே தியேட்டரை எழுப்பியிருக்கிறோம்.

மஞ்சள் பத்திரிகைக்காரருக்கு வக்காலத்தா என்று கேட்பார்கள். சிறுபத்திரிகை நண்பர்களே கேட்பார்கள், அதுவும் முதல் ஆளாக. அவர்களுக்கு ஒரு வார்த்தை. காகிதம் கிடைக்காமல் நின்றுபோன பத்திரிகைகளின் பட்டியலை நாம் எப்போதும் தியாகிகள் பட்டியல் மாதிரி ஒப்பிக்கிறோம். பணமும் புகழும் உள்ள மூன்று பேர் கவர்னரிடம் மனுக் கொடுத்து ஒரு பத்திரிகையை நிறுத்த முடிந்தது என்ற செய்தி நம்மைத் தொந்தரவு செய்ததே இல்லை. ஏன்? எழுதியது ஆபாசம் என்பதாலா? ஆபாசம் என்ற சொல்லை நம் மீது வீசியவர்கள் எத்தனை பேர் என்று நமக்குத் தெரியாதா? மிரட்டிப் பணம் பறித்தார் என்றால் அதற்குக் கோர்ட் இருந்தது. அவதூறு என்றால் அதற்கும் கோர்ட் இருந்தது. அவர்கள் கோர்ட்டுக்குப் போகாமல் கவர்னர் பங்களாவுக்குப் போனார்கள். இதைச் சொல்வதால் கொலைக்கும் அவர்களுக்கும் நான் முடிச்சுப் போடவில்லை. அந்த முடிச்சை உயர்நீதிமன்றம் அவிழ்த்துவிட்டது. மனு மட்டும் அவிழாமல் இருக்கிறது.

நவம்பர் 1ஆம் தேதி பாகவதர் நினைவு நாள் வரும், இந்தக் கட்டுரைகளும் வரும். எட்டாம் தேதியும் ஒன்பதாம் தேதியும் அதே மாதத்தில்தான் வருகின்றன. எழுதுகிறவர் பாகவதருக்கு எட்டுப் பக்கம் ஒதுக்கட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. வேப்பேரி வரும்போது மட்டும், அந்த ரிக்‌ஷா அன்றைக்கு யார் வீட்டு வாசலில் போய் நின்றிருக்க வேண்டியது என்று ஒரு வரி விசாரித்து எழுதட்டும். ‘அவர்’ போட்டு.