மலைக் குளிரும் உதட்டு எரிவும்



எமது கொட்டாஞ்சேனைத் தையல் வகுப்பினர் தை மாதத்தில் நுவரெலியாவுக்கும் ஹோட்டன் சமவெளிக்கும் போய்வந்தார்கள். நான் கூடப் போகவில்லை. அடுத்த திங்கட்கிழமை வகுப்புக்குப் போனபோது ஆறு பேருக்குக் கீழுதடு வீங்கிச் சிவந்திருந்தது. இரண்டு பேருக்குக் கொப்புளமும் போட்டிருந்தது. தேநீர்கூடக் குடிக்க முடியாமல் ஒருவர் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார்.

"சொண்டு குளிருக்கு வெடிச்சுப் போச்சு, மிஸ். நெய் பூசினனான், மாறேல்லை" என்றார்.

குளிரல்ல, வெயில் என்றேன். ஒருவரும் நம்பவில்லை. "அங்கை வெயில் எங்கை, மிஸ்? ஒரே புகார்தானே!" என்று சிரித்தார்கள்.

அவர்கள் சிரித்ததில் நியாயம் இருக்கிறது. வன்னியிலும் மன்னாரிலும் வளர்ந்த நமக்கு வெயில் என்றால் சூடு. சுட்டால் நிழலுக்குப் போவோம். ஆனால் தோலைச் சுடுவது சூடல்ல, புறஊதாக் கதிர். அதைக் கண்ணால் காணவும் முடியாது, தோலால் உணரவும் முடியாது. கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீற்றர் ஏறினால் குளிர் ஏறக்குறைய ஆறரைப் பாகை கூடும். அதே ஆயிரம் மீற்றருக்குப் புறஊதாக் கதிரும் பத்து வீதமளவில் கூடும். மேலே காற்று மெல்லியது, கதிரை மறிக்க அங்கே காற்றுக் குறைவு. ஹோட்டன் சமவெளி 2,100 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே உடம்பு நடுங்கும்போதே, வெள்ளவத்தைக் கடற்கரையில் நிற்பதைவிட ஐந்தில் ஒரு பங்கு கூடுதலான கதிர் முகத்தில் விழுகிறது. மெல்லிய முகிலும் புகாரும் அதில் பெரும்பகுதியை உள்ளே விட்டுவிடும். 'உலக முடிவு' வரை போய்த் திரும்பும் வட்டப் பாதை ஒன்பது கிலோமீற்றருக்கு மேல். அதில் பெரும்பகுதி மரமில்லாத புல்வெளி.

உதட்டுக்கு மட்டும் ஏன் இந்தப் பாடு? மற்றத் தோலைப் போல உதட்டில் வியர்வைச் சுரப்பியோ எண்ணெய்ச் சுரப்பியோ இல்லை. தோலும் மெல்லியது. வெயிலைத் தாங்க உதவும் கருநிறமியும் அதில் குறைவு. கீழுதடு வானத்தைப் பார்த்தபடி இருப்பதால் முதலில் அதுதான் எரியும். காற்றில் காய்ந்தவுடன் நாக்கால் நனைத்துக்கொள்கிறோம், அந்த ஈரம் உலரும்போது உதடு இன்னும் காய்கிறது.

நெய், தேங்காயெண்ணெய், வாஸலின் மூன்றும் உதட்டின் ஈரத்தைக் காக்கும், கதிரை மறிக்காது. பாமசியில் உதட்டுக்குப் பூசும் 'லிப் பாம்' கேட்கும்போது, அதில் எஸ்.பி.எப். 30 அல்லது அதற்கு மேல் என்று எழுதியிருக்கிறதா எனப் பாருங்கள். எழுதியிருக்காவிட்டால் அதுவும் வாஸலினைப் போலத்தான். வெளியே இறங்குவதற்கு முன்னர் தடிப்பாகப் பூச வேண்டும். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறையும், சாப்பிட்டு அல்லது குடித்து முடித்த பின்னரும் திரும்பப் பூச வேண்டும். ஒரு குழாயை ஆறு பேர் பூசிக்கொள்ள வேண்டாம். காய்ச்சலுக்குப் பின் உதட்டோரம் போடும் கொப்புளம் ஒருவரிலிருந்து மற்றவருக்கு அப்படித்தான் தொற்றும். அந்தக் கொப்புளத்தை வெயிலும் கிளப்பிவிடும்.

இதைச் சொன்னபோதுதான் வகுப்பில் ஒரு மௌனம் விழுந்தது. பிறகு ஓர் அக்கா தலையைக் குனிந்தபடி கேட்டார்: "அவர் இல்லாமல் நான் சொண்டுக்குப் பூசினால் சனம் என்ன சொல்லும், பிள்ளை?"

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது விதவைகள் மீதான சமூகத் தடைகளைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். இந்தக் கேள்வி அதில் எங்கும் இருக்கவில்லை. அக்காவுக்கு நான் சொன்னது இதுதான்: இது நிறமில்லாதது, மணமில்லாததையும் வாங்கலாம். தலையிடிக்குத் தைலம் பூசும்போது சனத்திடம் கேட்டா பூசுகிறோம்? நிறமுள்ளதைப் பூச விரும்பினாலும் அது உங்கள் உதடு. இதைச் சொன்னதற்காக யாராவது என்னோடு கோபித்தால் கோபிக்கட்டும்.

அந்த ஆறு பேரிலும் கூடுதலாக எரிந்தது இன்னொரு சகோதரிக்கு. ஷெல் துண்டு பட்ட தழும்பு அவருடைய கீழுதட்டின் குறுக்கே ஓடுகிறது. நிறமி இழந்த தழும்பு மிக விரைவில் வெயிலில் சுடும். கொழும்பில் ஆட்கள் முன்னால் அவர் எப்போதும் சேலைத் தலைப்பால் வாயை மறைத்துக்கொள்வார். மலையில் தன்னைத் தெரிந்தவர் யாருமில்லை என்று முகத்தைத் திறந்து காற்று வாங்கியபடி நடந்தாராம். அவரிடம் போய் "தலைப்பால் மூடிக்கொள்ளுங்கள்" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. துணியால் மூடுவது நல்ல பாதுகாப்புத்தான், காசில்லாதபோது அதுவே போதும். ஆனாலும் அவருக்கு ஒரு லிப் பாமும் அகன்ற விளிம்புள்ள தொப்பியும்தான் சொன்னேன்.

தொப்பி நமது மலைகளில் நன்றாக உதவும், ஏனென்றால் புல் கதிரைத் திருப்பி அனுப்புவது குறைவு. பனிமலையில் கதை வேறு. புதிய பனி தன்மேல் விழும் கதிரில் எண்பது வீதம்வரை மேல்நோக்கித் திருப்பும். அதனால் இமயமலை ஏறுபவர்களுக்கு மூக்கின் அடிப்பக்கமும், வாயைத் திறந்து மூச்சு வாங்குவதால் அண்ணமும்கூட எரிவதுண்டு. எவரெஸ்ட் உச்சியை முதலில் தொட்ட இலங்கையர் ஒரு பெண் என்பதை இந்த இடத்தில் சொல்லாமல் விட மனமில்லை. பெண்கள் உரிமைக்காக வேலை செய்துவந்த ஜயந்தி குரு உதும்பால 2016 மே 21ஆம் திகதி அங்கே ஏறினார்.

சிவனொளிபாதமலைக்குப் போகிறவர்கள் இரவில் ஏறுவதால் வெயிலை நினைப்பதில்லை. உச்சியில் சூரியோதயம் பார்த்துவிட்டு இறங்குவது முழுதும் வெளிச்சத்தில்தான். மேலேயே பூசிக்கொண்டு இறங்குங்கள்.

எரிந்துவிட்டால் குளிர்ந்த நீரில் நனைத்த சுத்தமான துணியை ஒற்றுங்கள். தண்ணீர் நிறையக் குடியுங்கள். சூடு தணிந்த பின் வாஸலின் பூசலாம். பற்பசை, தைலம், தேசிக்காய் எதுவும் வேண்டாம். உரியும் தோலைப் பிய்க்காதீர்கள், கொப்புளத்தை உடைக்காதீர்கள். சில நாட்கள் உறைப்பைத் தள்ளிவையுங்கள். பெரும்பாலும் ஒரு கிழமைக்குள் ஆறிவிடும்.

மூன்று கிழமையாகியும் ஆறாத புண், தடித்து வெளுத்த இடம், தொட்டால் இரத்தம் வரும் கட்டி ஆகியவை வேறு விடயம். ஒருநாள் மலை ஏறியதால் புற்றுநோய் வராது. ஆனால் வருடக்கணக்கில் வெயிலில் வேலை செய்தவர்களும், வெற்றிலையும் புகையிலையும் போடுகிறவர்களும் இவற்றைக் கண்டால் பொறுத்திருக்கக் கூடாது. களுபோவில வைத்தியசாலையிலோ கொழும்புத் தேசிய வைத்தியசாலையிலோ காட்டலாம், அரசாங்கப் பல் வைத்தியரும் பார்ப்பார். தேவையென்றால் மஹரகமைக்கு அனுப்புவார்கள், அங்கும் சிகிச்சை இலவசம். தனியே போகத் தயங்குபவர்களும் சிங்களத்தில் எப்படிச் சொல்வது என்று யோசிப்பவர்களும் எமது வெள்ளவத்தை அலுவலகத்தில் முதல்நாளே சொல்லி வையுங்கள். காலையில் இலக்கம் எடுப்பதிலிருந்து ஒருவர் கூட வருவார்.