'கன்சர்ன்ட்' ஆபீஸர் யாருப்பா?

ரிஷிவந்தியத்துல இருந்து காலேஜுக்கு வர்ற தம்பி ஒருத்தர், ஸ்காலர்ஷிப் லெட்டரை நீட்டி, "கிராமர் செக் பண்ணித் தாங்கண்ணா"ன்னார். முதல் வரியே 'டு தி கன்சர்ன்ட் ஆபீஸர்'. இப்படி எழுதினவங்க எல்லாம் கை தூக்குங்க... நானும் தூக்கிட்டேன்!

இந்த 'கன்சர்ன்ட்' டபுள் ஆக்ட் பார்ட்டி. பெயர்ச்சொல்லுக்கு முன்னால நின்னா 'கவலைப்படுற'. 'எ கன்சர்ன்ட் மதர்'னா, பிள்ளையை இன்னும் காணோமேன்னு வாசல்லயே நிக்கிற அம்மா. பின்னால நின்னா 'சம்பந்தப்பட்ட': 'தி ஆபீஸர் கன்சர்ன்ட்'. தமிழ்ல 'சம்பந்தப்பட்ட அதிகாரி'ன்னு அடைமொழி முன்னாடிதான் வரும். அதே வரிசையில இங்கிலீஷுக்கும் போயிடறோம். நம்ம நாட்டு ஆபீஸ்கள்ல இது சகஜம், யாரும் கண்டுக்க மாட்டாங்க. வெளிநாட்டு யுனிவர்சிட்டிக்கு அனுப்பினா, 'கவலையில இருக்கிற ஆபீஸருக்கு'ன்னு படிச்சுச் சிரிக்கலாம்.

இதே கட்சியில இன்னும் ரெண்டு பேர்:

'எ ரெஸ்பான்சிபிள் பர்சன்' - பொறுப்பான ஆள். 'தி பர்சன் ரெஸ்பான்சிபிள்' - அந்தக் காரியத்தைச் செஞ்ச ஆள். (பெரும்பாலும் மாட்டிக்கிட்ட ஆள்!)

'தி ஸ்டூடன்ட்ஸ் ப்ரசன்ட்' - கிளாஸுக்கு வந்தவங்க. 'தி ப்ரசன்ட் ஸ்டூடன்ட்ஸ்' - இப்போ படிக்கிறவங்க. கட் அடிச்சவரும் இதுல சேர்த்தி!

வார்த்தையை இடம் மாத்திக் கொடுத்தேன். "இப்ப ஓகேவாண்ணா?"

"இங்கிலீஷ் ஓகே. ஆனா அந்தச் சம்பந்தப்பட்டவர் யாருப்பா?"

தம்பி முழிச்சார். "போன வருஷமும் இப்படித்தாண்ணா அனுப்பினேன். பதிலே வரலை. ஃபீஸுக்கு அம்மா கம்மலை அடகு வெச்சாங்க."

எப்படி வரும்? ரிஷிவந்தியம் 1993 வரை தென்னாற்காடு மாவட்டம். அப்புறம் விழுப்புரம். 2019-லிருந்து கள்ளக்குறிச்சி. பழைய சர்டிபிகேட்டைப் பார்த்து அட்ரஸ் எழுதினா, லெட்டர் வேற மாவட்டத்துக்குப் போய்ச் சேரும். சாதிச் சான்றிதழையே எடுத்துக்குங்க. எஸ்.சி. மாணவருக்குத் தாசில்தார் தரணும். கல்வராயன் மலையில இருந்து வர்ற எஸ்.டி. மாணவருக்கு ஆர்.டி.ஓ. தரணும். 'சம்பந்தப்பட்டவர்'னு மொட்டையா எழுதினா, ஒவ்வொரு மேஜையும் 'நமக்கில்லை'ன்னு தள்ளி விட்டுடும்.

தம்பி அந்த வார்த்தையையே அடிச்சுட்டு, பதவி, ஆபீஸ், ஊர், மாவட்டம், பின்கோடுன்னு வரிசையா எழுதினார். கிராமர் பிரச்னையும் தீர்ந்தது!

இந்த வார டிப்ஸ்: யாருன்னு தெரிஞ்சா பதவியை எழுதுங்க. தெரியலைன்னா கேட்டுட்டு எழுதுங்க. 'கன்சர்ன்ட்' கடைசி சாய்ஸ்... அதுவும் பெயர்ச்சொல்லுக்குப் பின்னாடி!